டைமர் ஒன்று, வேலை நான்கு: கோடோவில் கால்பேக்கை மாற்றி மாற்றி ஓட்டுவது எப்படி

கோடோ என்கிற கேம் எஞ்சினில் செய்கிற ஆட்டத்துக்கு எதிரியாக ஒரு வௌவாலை எடுத்துக்கொள்வோம். குகைக் கூரையில் 2 விநாடி தொங்குகிறது. பிறகு 0.6 விநாடி நடுங்குகிறது. விளையாடுகிறவருக்கு அதுதான் எச்சரிக்கை. அப்புறம் 1 விநாடி கீழே பாய்கிறது. பாய்ந்து முடித்ததும் கூரைக்குத் திரும்புகிறது, மறுபடி தொங்குகிறது.

நான்கு வேலை, ஒவ்வொன்றுக்கும் வேறு நேரம். இதற்கு டைமர் வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். எத்தனை டைமர், அது முடிகிறபோது எந்த ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்வது (அப்படிக் கூப்பிடப்படுகிற ஃபங்ஷன்தான் கால்பேக்) என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். நான்கு வேலைக்கு நான்கு டைமர் நோட் போடலாம் (கோடோவில் ஆட்டத்தின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு நோட்), ஓடவும் ஓடும். ஆனால் வௌவாலை நடுவில் யாராவது அடித்தால் நான்கையும் தேடிப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும், அடிபட்டுக் கிடக்கிற வௌவால் சம்பந்தமே இல்லாமல் பாயும். அதனால் ஒரே டைமரை வைத்து, அது ஒவ்வொரு முறையும் வேறு ஃபங்ஷனைக் கூப்பிடுமாறு செய்யப் போகிறோம். கோடோ 4-ஐ வைத்துச் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. கோடோ 4-இன் நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்டில் வேரியபிளுக்கும் ஃபங்ஷனுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கீழே வருகிற "தொங்கு", "பாய்" போன்ற பெயர்களை அப்படியே அடித்தால் ஓடும். மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் இங்கே ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். "வார்", "ஃபங்க்", "கனெக்ட்" என்று பார்த்தால் எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். குழுவாக வேலை செய்கிற புராஜெக்டில் எல்லாப் பெயரையும் ஆங்கிலத்திலேயே வைப்பது நல்லது. தனியாகக் கற்றுக்கொள்கிறபோது தமிழ்ப் பெயர்தான் எனக்கு வசதி. எது நாம் எழுதியது, எது கோடோ தந்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

முதலில் நோட்

வௌவாலுக்கு ஒரு கேரக்டர்பாடி2டி, அதாவது ஸ்கிரிப்டால் நகர்த்துகிற பாத்திரத்துக்கான நோட். அதன் கீழே ஒரு டைமர் நோட். இன்ஸ்பெக்டரில் மூன்று இடத்தைப் பாருங்கள்.

ஒன் ஷாட்: டிக் போடுங்கள். போடாவிட்டால் டைமர் முடிந்தவுடன் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும். நமக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு நேரம், எனவே எப்போது ஓட வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆட்டோஸ்டார்ட்: டிக் வேண்டாம், இயல்பாகவே அப்படித்தான் இருக்கும்.

புராசஸ் கால்பேக்: இதை ஐடிலிலிருந்து ஃபிசிக்ஸுக்கு மாற்றுங்கள். வௌவால் நகர்வது ஃபிசிக்ஸ் புராசஸில். அது விநாடிக்கு 60 முறை என்பது கோடோவின் இயல்பு. டைமரும் அதே தாளத்தில் ஓடினால் கணக்கு ஒத்துப்போகும். வெயிட் டைம் 1 என்று இருப்பதை அப்படியே விடலாம். அதை ஸ்கிரிப்டில் மாற்றப் போகிறோம்.

எல்லோரும் முதலில் செய்வது

டைமர் முடிந்ததும் "டைம்அவுட்" என்ற சிக்னலை அனுப்பும். அந்தச் சிக்னலை ஒரு ஃபங்ஷனோடு கனெக்ட் செய்தால், சிக்னல் வரும்போது அது ஓடும். இது புரிந்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றே: தொங்கும்போது "நடுங்கு"வோடு கனெக்ட் செய், நடுங்கும்போது அதைக் கழற்றிவிட்டு "பாய்"ஓடு கனெக்ட் செய், பாயும்போது அதையும் கழற்று.

காகிதத்தில் சரி. ஓட்டிப் பார்த்தால் மூன்று விதமாகக் கடிக்கும்.

ஏற்கெனவே கனெக்ட் ஆன ஃபங்ஷனை அதே சிக்னலோடு மறுபடி கனெக்ட் செய்தால், ஏற்கெனவே இணைந்திருக்கிறது என்று டீபக்கரில் சிவப்பு வரி வரும். இணையாத ஒன்றைக் கழற்றப் போனாலும் சிவப்பு வரி. அதற்குப் பயந்து ஒவ்வொரு இடத்திலும் "இணைந்திருக்கிறதா?" என்று முன்கூட்டியே கேட்கத் தொடங்குவீர்கள். பத்து வரி வேலைக்கு இருபது வரி காவல்.

இரண்டாவது, கழற்ற மறப்பது. பழைய ஃபங்ஷனும் புதியதும் ஒரே சிக்னலில் தொங்கிக்கொண்டிருக்கும், இரண்டுமே ஓடும். வௌவால் பாயவும் பார்க்கும், திரும்பவும் பார்க்கும், நடுவழியில் நின்று துடிக்கும்.

மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் அது சத்தமே போடாது. என் முதல் வௌவால் பாயும்போது ஒரு கல்லைப் போட வேண்டும். அந்தக் கல் போடுகிற வேலைக்குத் தனி ஃபங்ஷன் எதற்கு என்று, கனெக்ட் செய்கிற வரியிலேயே லாம்டா, அதாவது பெயரில்லாத ஃபங்ஷன், எழுதிவிட்டேன். முதல் பாய்ச்சலில் ஒரு கல் விழுந்தது. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மூன்று. ஏழாவது பாய்ச்சலைப் பார்க்க நான் உயிரோடு இல்லை, ஆட்டத்தில்தான் சொல்கிறேன். சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்கக் கல்லின் ஸ்கிரிப்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்; தப்பு அங்கே இல்லவே இல்லை.

நடந்தது இதுதான். பெயருள்ள ஃபங்ஷனை இரண்டாம் முறை கனெக்ட் செய்தால் கோடோ அடையாளம் கண்டு மறுக்கும். லாம்டா அப்படியல்ல. அந்த வரி ஓடுகிற ஒவ்வொரு முறையும் புத்தம் புதிதாக ஒரு லாம்டா பிறக்கிறது. எழுத்து ஒன்றேயானாலும் கோடோவின் கண்ணுக்கு ஒவ்வொன்றும் வேறு ஆள். எனவே மறுக்காமல் சேர்த்துக்கொள்ளும். அதே லாம்டாவை மறுபடி எழுதிக் கழற்றப் பார்த்தாலும் முடியாது, ஏனென்றால் நீங்கள் கழற்றச் சொல்வது இப்போது பிறந்த இன்னொன்றை. கழற்ற வேண்டுமென்றால் முதலிலேயே அதை ஒரு வேரியபிளில் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

இப்படிச் சந்தேகம் வந்தால், டைம்அவுட்டின் "கெட்_கனெக்ஷன்ஸ்" தருகிற பட்டியலின் நீளத்தை ஒவ்வொரு சுற்றிலும் பிரின்ட் செய்து பாருங்கள். 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போனால் நோய் இதுதான்.

கனெக்ஷனைத் தொடாதீர்கள்

என் பழக்கம் இது: டைம்அவுட் சிக்னலை ஆட்டம் தொடங்கும்போது ஒரே ஒரு முறை, ஒரே ஒரு ஃபங்ஷனோடு கனெக்ட் செய்வது. அப்புறம் அந்தக் கனெக்ஷனைத் தொடுவதே இல்லை. அந்த ஃபங்ஷன் தனக்கென்று ஒரு வேலையும் செய்யாது. ஒரு வேரியபிளில் என்ன வேலை எழுதி வைத்திருக்கிறது என்று பார்த்து, அதைக் கூப்பிடும். மாறுவது அந்த வேரியபிள் மட்டும்தான்.

இது முடிவதற்குக் காரணம், கோடோ 4-இல் ஃபங்ஷனையே வேரியபிளில் போடலாம். அந்த வகைக்குப் பெயர் காலபிள். கடிகாரம் என்பது நம் டைமர் நோடைப் பிடித்திருக்கிற வேரியபிள் என்று வைத்துக்கொண்டால்:

வார் அடுத்த_வேலை: காலபிள்

ஃபங்க் _ரெடி():
    கடிகாரம்.டைம்அவுட்.கனெக்ட்(மணி_அடித்தது)
    தொங்கு()

ஃபங்க் பிறகு(விநாடி, வேலை):
    அடுத்த_வேலை = வேலை
    கடிகாரம்.ஸ்டார்ட்(விநாடி)

ஃபங்க் மணி_அடித்தது():
    வார் இப்போது = அடுத்த_வேலை
    அடுத்த_வேலை = காலபிள்()
    இஃப் இப்போது.இஸ்_வேலிட்():
        இப்போது.கால்()

இயந்திரம் இவ்வளவுதான். எடிட்டரின் நோட் பலகத்தில் சிக்னலை இரட்டை கிளிக் செய்து ஏற்கெனவே கனெக்ட் செய்திருந்தால், ஸ்கிரிப்டில் அந்த ஃபங்ஷனின் பக்கத்தில் பச்சைக் குறி தெரியும். அப்படியென்றால் _ரெடியில் இருக்கிற கனெக்ட் வரியை எடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்று போதும்.

"மணி_அடித்தது" ஃபங்ஷனுக்குள் முதல் இரண்டு வரிகளில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேலையை "இப்போது" என்ற தற்காலிக வேரியபிளில் எடுத்துக்கொண்டு, அடுத்த_வேலையை முதலில் காலி செய்கிறோம், அதற்குப் பிறகுதான் கூப்பிடுகிறோம். வரிசை ஏன் இப்படி? கூப்பிட்டுவிட்டுக் காலி செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். "நடுங்கு" ஓடுகிறது. அதற்குள்ளேயே, அடுத்தது "பாய்" என்று எழுதி வைக்கிறது. ஓடி முடித்துத் திரும்பி வந்ததும் நாம் வேரியபிளைத் துடைக்கிறோம். இப்போதுதான் எழுதிய "பாய்" போய்விட்டது. 0.6 விநாடி கழித்து மணி அடிக்கும், கூப்பிட ஆள் இருக்காது, வௌவால் நடுங்கிக்கொண்டே ஆட்டம் முழுக்க நிற்கும். எனவே முதலில் துடை, பிறகு கூப்பிடு.

காலபிள்() என்று வெறுமையாக எழுதினால் எதையும் சுட்டாத காலபிள் கிடைக்கும். இஸ்_வேலிட் அதைப் பார்த்து "இல்லை" என்று சொல்லும். அந்தச் சோதனை இல்லாவிட்டால், வேலை எதுவும் இல்லாதபோது மணி அடித்தால் சிவப்பு வரி.

கோடோவின் டைமர் ஒன் ஷாட்டில் இருக்கும்போது, முதலில் தன்னை நிறுத்திக்கொண்டு பிறகுதான் சிக்னலை அனுப்புகிறது. அதனால்தான் கால்பேக்குக்குள் இருந்தே ஸ்டார்ட் சொன்னாலும் அது நிலைக்கிறது.

வௌவாலுக்கு உயிர்

இனி ஒவ்வொரு வேலையும் தன்னுடையதைச் செய்துவிட்டு, அடுத்தவரைக் கைகாட்டினால் போதும்.

ஃபங்க் தொங்கு():
    இடம் = கூரை
    வேகம் = நிற்பது
    பிறகு(2.0, நடுங்கு)

ஃபங்க் நடுங்கு():
    நடுங்கும் அனிமேஷன்
    பிறகு(0.6, பாய்.பைண்ட்(வீரனின்_இடம்))

ஃபங்க் பாய்(எங்கே):
    வேகம் = எங்கே நோக்கி
    பிறகு(1.0, திரும்பு)

ஃபங்க் திரும்பு():
    வேகம் = கூரை நோக்கி
    பிறகு(தூரம் / வேக_அளவு, தொங்கு)

இதில் இடம், வேகம், அனிமேஷன் வரிகள் சுருக்கக் குறிப்புகள்தான்; உங்கள் புராஜெக்டில் அவை எப்படி இருக்கின்றனவோ அப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் இங்கே வழுக்குகிற இடம் அடைப்புக்குறி. பிறகு(2.0, நடுங்கு) என்று எழுத வேண்டும். பிறகு(2.0, நடுங்கு()) என்று பழக்க தோஷத்தில் எழுதினால் நடுங்கு அந்தக் கணமே ஓடிவிடும், டைமருக்குப் போய்ச் சேர்வது ஃபங்ஷன் அல்ல, அது திருப்பித் தந்த வெறுமை. நான்கு இடத்திலும் இப்படியே எழுதியிருந்தால் தொங்கு நடுங்குவைக் கூப்பிட, நடுங்கு பாயைக் கூப்பிட, முடிவில்லாமல் சுற்றி, ஒரு ஃபிரேம்கூட வரைவதற்குள் ஆட்டம் படுத்துவிடும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் ஃபங்ஷனின் முகவரி, இருந்தால் ஃபங்ஷனையே கூப்பிடுவது.

பைண்ட் எதற்கு? டைம்அவுட் சிக்னல் எந்த மதிப்பையும் சுமந்து வராது. ஆனால் பாய்வதற்கு எங்கே என்று தெரிய வேண்டும். பாய்.பைண்ட்(...) என்றால், இந்த ஃபங்ஷனைக் கூப்பிடும்போது இந்த மதிப்பையும் சேர்த்துக் கொடு என்று முன்கூட்டியே முடிந்து வைப்பது. அந்த மதிப்பு, முடிகிற கணத்தில் எடுக்கப்படுகிறது. அதாவது வௌவால் நடுங்கத் தொடங்கியபோது வீரன் நின்ற இடத்துக்குத்தான் பாயும், பாய்கிறபோது நிற்கிற இடத்துக்கு அல்ல. நடுக்கத்தைப் பார்த்து நகர்ந்துவிட விளையாடுகிறவருக்கு 0.6 விநாடி கிடைக்கிறது. எனக்கு இதுதான் நியாயமான வௌவால். உங்களுக்குக் கொடூரமான வௌவால் வேண்டுமா? இடத்தைப் பைண்ட் செய்யாமல் வீரன் நோடையே பைண்ட் செய்து, பாய்க்குள் போய் அதன் இடத்தைக் கேளுங்கள். ஆனால் அந்த 0.6 விநாடிக்குள் வீரன் செத்து நோட் அழிந்திருக்கலாம். கேட்பதற்கு முன் "இஸ்_இன்ஸ்டன்ஸ்_வேலிட்" போட்டுப் பார்க்க வேண்டும்.

லாம்டாவிலும் இதே கதை. ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கிற லோக்கல் வேரியபிளை லாம்டா பிடிக்கும்போது, அந்த நேரத்து மதிப்பையே பிடிக்கும். பின்னால் நீங்கள் வேரியபிளை மாற்றினாலும் லாம்டாவுக்குத் தெரியாது. ஆனால் பிறகு() ஃபங்ஷனுக்கு லாம்டாவைக் கொடுப்பதில் இப்போது ஆபத்து இல்லை. அது கனெக்ஷனில் சேரவில்லை. வேரியபிளில் போய் உட்கார்கிறது, பழையது விலகிவிடுகிறது. என் கல் மழை இப்படித்தான் நின்றது.

நடுவில் அடி விழுந்தால்

இந்த முறையின் பலன் இங்கேதான் தெரியும்.

ஃபங்க் அடி_வாங்கு():
    வேகம் = நிற்பது
    பிறகு(0.4, திரும்பு)

வௌவால் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தாலும் கவலையில்லை. ஓடிக்கொண்டிருக்கிற டைமருக்கு ஸ்டார்ட் சொன்னால் அது புதிதாக எண்ணத் தொடங்கும், பழைய மீதி நேரம் போய்விடும். காத்திருந்த வேலையும் மேலெழுதப்பட்டது. கழற்றுவது, நிறுத்துவது எதுவும் இல்லை.

இணையப் பாடங்களில் அடிக்கடி வருகிற இன்னொரு வழியோடு ஒப்பிடுங்கள். அவெய்ட் போட்டு, கெட்_ட்ரீ().கிரியேட்_டைமர்(2.0).டைம்அவுட் என்று ஒரே வரியில் காத்திருப்பது. அழகான வரிதான், கதவு திறப்பதற்கும் பலகை மறைவதற்கும் நானும் அதையே எழுதுகிறேன். நடுவில் மனம் மாறுகிற எதிரிக்கு அது ஆகாது. அந்த டைமரை நிறுத்த ஸ்டாப் கிடையாது. அடிபட்டு வௌவால் வேறு வேலைக்குப் போன பிறகும், பழைய அவெய்ட் தன் 2 விநாடியை எண்ணி முடித்து, விட்ட இடத்திலிருந்து ஓடும். இன்னொரு பொறியும் உண்டு: ஆட்டத்தை பாஸ் செய்தால் டைமர் நோட் இயல்பாக நின்றுவிடும், ஆனால் கிரியேட்_டைமர் தருவது இயல்பாக நிற்காது. அதன் இரண்டாவது ஆர்கியுமென்ட்டுக்கு பொய் (ஃபால்ஸ்) என்ற மதிப்பைக் கொடுத்தால்தான் நிற்கும். பாஸ் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அது எண்ணி முடித்திருக்கும்.

சாவுக்கும் அதே ஃபங்ஷன். விழுகிற அனிமேஷனை ஓடவிட்டு, பிறகு(0.8, க்யூ_ஃப்ரீ) என்று எழுதினால் போதும். கோடோவின் சொந்த ஃபங்ஷனையும் காலபிளாகக் கொடுக்கலாம். டைமர் வௌவாலின் குழந்தை நோட் என்பதால் அதுவும் கூடவே அழியும்.

ஆனால் ஒரு வேடிக்கை நடக்கும். செத்து விழுந்துகொண்டிருக்கிற அந்த 0.8 விநாடிக்குள் இன்னொரு அடி விழுந்தால்? அடி_வாங்கு ஓடும், க்யூ_ஃப்ரீ இருந்த இடத்தில் "திரும்பு" வந்து உட்காரும், பிணம் எழுந்து கூரைக்குப் பறக்கும். கடைசியாகச் சொன்னதே நிற்கும் என்பது இந்த முறையின் பலம், இங்கே அதுவே பலவீனம். "செத்தாச்சு" என்று ஒரு வேரியபிள் வைத்து, அடி_வாங்குவின் முதல் வரியிலேயே அது உண்மையானால் ரிட்டர்ன் போட்டு வெளியேறிவிடுங்கள்.

பழைய பாடம் கையில் இருந்தால்

கோடோ 4.0 வந்தது 2023 மார்ச்சில். அதற்கு முந்தைய 3-ஆம் பதிப்புப் பாடங்களில் கனெக்ட் வேறு மாதிரி இருக்கும்: சிக்னலின் பெயரும் ஃபங்ஷனின் பெயரும் மேற்கோள் குறிக்குள், நடுவில் செல்ஃப். பெயரை மேற்கோளுக்குள் எழுதுவதால் ஒரு எழுத்து தப்பினாலும் ஓட்டும்போதுதான் தெரியும். அவெய்ட் இருக்கிற இடத்தில் யீல்ட் இருக்கும். அந்த வரிகளை அப்படியே 4-இல் ஒட்டினால் வேலை செய்யாது.

கோடோ இல்லாமல் பைத்தானின் பைகேமில் எழுதுகிறவர்களுக்கும் இந்த வழி பொருந்தும். அங்கே செட்_டைமர் ஒரு ஈவென்ட்டை வரிசையில் போடும். அந்த ஈவென்ட் வந்ததும் வேரியபிளில் இருக்கிற ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், அவ்வளவுதான். யூனிட்டியின் இன்வோக் ஃபங்ஷன் பெயரை மேற்கோளுக்குள் கேட்கிறது, எனவே அதே எழுத்துப் பிழைத் தொல்லை உண்டு.

பத்துப் பதினைந்து நிலைகள் உள்ள பெரிய எதிரி என்றால் இது போதாது. யார் யாரைக் கைகாட்டுகிறார் என்று உங்களுக்கே மறந்துவிடும். அப்போது நிலைகளைப் பெயரிட்டு, எதிலிருந்து எதற்குப் போகலாம் என்பதை ஒரே இடத்தில் வைக்கிற ஸ்டேட் மெஷின் கட்டுங்கள். அதேபோல, நேரத்தை முடிவு செய்வது அனிமேஷன்தான் என்றால் டைமரே வேண்டாம். அனிமேஷன் முடிந்தது என்ற சிக்னலையே பிடித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஓவியர் அனிமேஷனை நீட்டும்போதெல்லாம் உங்கள் எண்ணையும் மாற்ற வேண்டிவரும்.

பூஜ்ஜியம்

"திரும்பு" ஃபங்ஷனில் நேரத்தைத் தூரத்திலிருந்து கணக்கிட்டோம். தொங்கிக்கொண்டிருக்கும்போதே வௌவாலை அடித்தால், 0.4 விநாடி கழித்து அது திரும்பப் போகும். ஆனால் ஏற்கெனவே கூரையில்தானே இருக்கிறது. தூரம் 0, நேரம் 0. ஸ்டார்ட்டுக்கு 0 கொடுத்தால் உடனே முடியும் என்றுதான் நினைப்போம். முடியாது. 0-ஐவிடப் பெரிய எண்ணைக் கொடுத்தால் மட்டுமே ஸ்டார்ட் அதை எடுத்துக்கொள்ளும். எடுத்ததை வெயிட் டைமிலும் எழுதி வைக்கும். 0 வந்தால் அதைக் கண்டுகொள்ளாமல், முன்பு எழுதி வைத்த நேரத்தையே ஓட்டும். இங்கே அது 0.4, பெரிய சேதமில்லை. முந்தைய காத்திருப்பு 30 விநாடி என்றால், வௌவால் அரை நிமிடம் உங்களை வெறித்துப் பார்த்துக்கொண்டு தொங்கும். பிழைச் செய்தியும் வராது.

ரொம்பச் சின்ன எண்ணும் நம்பத் தகுந்ததல்ல. டைமர் ஒரு ஃபிரேமுக்கு ஒரு முறைதான் பார்க்கும், 0.05-க்குக் கீழே போனால் ஃபிரேம் வேகத்தைப் பொறுத்து நேரம் மாறிவிடும் என்று கோடோவின் கையேடே எச்சரிக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து, பிறகு() ஃபங்ஷனின் கடைசி வரியை மட்டும் மாற்றினால் போதும்:

    கடிகாரம்.ஸ்டார்ட்(மேக்ஸ்(விநாடி, 0.05))